‘கேர்ஃபுல்லி’ எங்கே உட்காரும்?

‘அவர் கடிதத்தைக் கவனமாகப் பார்த்தார்.’ இந்த ஒரு வரியை ஆங்கிலத்தில் மூன்று விதமாகச் சொல்லலாம். ‘ஹீ கேர்ஃபுல்லி லுக்ட் அட் தி லெட்டர்.’ ‘ஹீ லுக்ட் கேர்ஃபுல்லி அட் தி லெட்டர்.’ ‘ஹீ லுக்ட் அட் தி லெட்டர் கேர்ஃபுல்லி.’ மூன்றும் சரியான ஆங்கிலம்தான். இப்போது ‘பார்த்தார்’ என்பதை எடுத்துவிட்டு ‘படித்தார்’ என்று போடுவோம். ‘ஹீ கேர்ஃபுல்லி ரெட் தி லெட்டர்’ சரி. ‘ஹீ ரெட் தி லெட்டர் கேர்ஃபுல்லி’ என்பதும் சரி. ஆனால் நடுவில் வைத்து ‘ஹீ ரெட் கேர்ஃபுல்லி தி லெட்டர்’ என்றால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் காதில் அது உடனே உறுத்தும்.

ஒரு வினையோடு செல்லுபடியாகிற இடம் இன்னொரு வினையோடு ஏன் செல்லுபடியாகவில்லை? பள்ளியில் அட்வெர்பை வகை வகையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள்: எப்படி என்பதைச் சொல்வது, எப்போது என்பதைச் சொல்வது, எங்கே என்பதைச் சொல்வது, எத்தனை முறை என்பதைச் சொல்வது. அந்தப் பட்டியல் பாதி வழிதான் கூட்டிப்போகும். அட்வெர்ப் எந்த வகை என்று பார்ப்பதற்கு முன்னால், வினைக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பல வருடக் குழப்பம் தீர்ந்துபோகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மேலே உள்ள இரண்டு வரிகளுக்கும் வித்தியாசம் ‘அட்’ என்ற சின்னச் சொல்தான். ‘ரெட்’ என்ற வினை கடிதத்தை நேரடியாகப் பிடித்துக்கொள்கிறது. ‘லுக்ட்’ அப்படிப் பிடிக்காது; அதற்கு ஒரு பிரிபொசிஷன் துணை வேண்டும். வினையும் செயப்படுபொருளும் நேராக ஒட்டி நிற்கும் இடத்தில் ஆங்கிலம் அட்வெர்பை நுழைய விடுவதில்லை. வினைக்கும் பிரிபொசிஷனுக்கும் நடுவில் விடுகிறது. ‘லிசன்ட் அட்டென்டிவ்லி டு தி டீச்சர்’, ‘வெயிட்டட் பேஷன்ட்லி ஃபார் தி பஸ்’, ‘காம்ப்ளெயின்ட் பிட்டர்லி அபௌட் தி ஃபுட்’, ‘டிபெண்டட் ஹெவிலி ஆன் ஹிஸ் பிரதர்’ என்றெல்லாம் ஆங்கிலப் புத்தகங்களில் அடிக்கடி கண்ணில் படுவதற்குக் காரணம் இதுதான். இவை எல்லாவற்றிலும் அட்வெர்ப் பிரிபொசிஷனுக்கு முன்னால் நின்றுவிடுகிறது.

அந்தப் பிரிபொசிஷனைத் தாண்டிவிட்டால் வழி மறுபடியும் அடைபட்டுவிடும். ‘வெயிட்டட் ஃபார் பேஷன்ட்லி தி பஸ்’ என்று யாரும் சொல்வதில்லை. பிரிபொசிஷனும் அதன் பெயர்ச்சொல்லும் பிரியாத ஜோடி. அந்தப் பெயர்ச்சொல் இடம் மாறி வாக்கியத்தின் முன்பக்கம் போய்விட்டால் மட்டும் தடை விலகும். ‘தி லெட்டர் வாஸ் லுக்ட் அட் கேர்ஃபுல்லி’ என்ற செயப்பாட்டு வாக்கியம் சரிதான். கடிதம் முன்னாலேயே வந்துவிட்டதால் ‘அட்’டுக்குப் பின்னால் பிரிக்க எதுவும் இல்லை.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது ஏன் சிரமமாக இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நம் மொழியில் யார் செய்தார், எதைச் செய்தார், யாருக்குச் செய்தார் என்பதை வேற்றுமை உருபு சொல்லிவிடும். ‘கடிதத்தை’ என்பதில் உள்ள ‘ஐ’ கடிதத்தின் பங்கு என்ன என்று காட்டிவிடுவதால், ‘கவனமாக’ என்பதைக் கடிதத்துக்கு முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும் பொருள் கெடாது. வினை கடைசியில் வந்து எல்லாவற்றையும் முடித்துவைக்கும். ஆங்கிலத்தில் ‘லெட்டர்’ என்ற சொல் எழுவாயாக இருந்தாலும் செயப்படுபொருளாக இருந்தாலும் ஒரே வடிவம்தான். நமக்கு ‘ஐ’ செய்கிற வேலையை அங்கே வினைக்கு அடுத்த இடம் செய்கிறது. அதனால் அந்த இடத்துக்குக் காவல் அதிகம். ‘அட்’, ‘ஃபார்’, ‘டு’ போன்ற பிரிபொசிஷன்கள் வந்துவிட்டால், பெயர்ச்சொல்லின் பங்கை அவை சொல்லிவிடுகின்றன. அப்போது வினை சற்றுத் தள்ளி நின்றாலும் நட்டமில்லை.

இந்த விளக்கம் நினைவில் வைத்துக்கொள்ள உதவும். ஆனால் முழுக் காரணமும் இதுவே என்று சொல்ல முடியாது. பிரெஞ்சிலும் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபு கிடையாது. ஆனாலும் அங்கே வினை, அட்வெர்ப், செயப்படுபொருள் என்ற வரிசைதான் இயல்பு. அமெரிக்க மொழியியலாளர் ஜோசப் எமாண்ட்ஸ் 1978-லும், பிரெஞ்சு மொழியியலாளர் ழான்-ஈவ் பொலாக் 1989-லும் எழுதிய கட்டுரைகள் இந்த வேறுபாட்டைத்தான் ஆராய்ந்தன. அவர்கள் சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும்: பிரெஞ்சு வினை தன் இடத்தைவிட்டு எழுந்து அட்வெர்பைத் தாண்டி முன்னால் போகிறது; இன்றைய ஆங்கில வினை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஒரு காலத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சு போலத்தான் இருந்தது. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் ‘அறியவில்லை’ என்பதற்கு ‘நியூ நாட்’ என்ற வடிவம் பல இடங்களில் வரும். அங்கே வினை ‘நாட்’டைத் தாண்டி முன்னால் நிற்கிறது. இன்று அதையே ‘டிட் நாட் நோ’ என்கிறோம். ‘டூ’, ‘டிட்’ என்ற துணைவினைகள் 16-ஆம் நூற்றாண்டில் பரவலானபோது முக்கிய வினை பின்னுக்குப் போனது. பழைய பழக்கத்தை விடாமல் இருப்பவை ‘வாஸ்’, ‘ஹேட்’ போன்ற சில சொற்கள் மட்டுமே. இந்தச் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டால் அடுத்து வரும் விதி மனப்பாடம் செய்யாமலே புரியும்.

சாதாரண இறந்தகாலத்தில் துணைவினை கிடையாது. எனவே நடுவில் வர விரும்பும் அட்வெர்ப் வினைக்கு நேர் முன்னால் வந்துவிடும்: ‘ஷீ ஃபைனலி அக்ரீட் டு தி பிளான்.’ துணைவினை வந்தால் அது அட்வெர்பைத் தாண்டி முன்னால் நிற்கும்: ‘ஷீ ஹேட் ஃபைனலி அக்ரீட் டு தி பிளான்.’ ‘வாஸ்’ தனியாக வந்தாலும் இதே கதைதான்: ‘ஹீ ஆல்வேஸ் கேம் லேட்’, ஆனால் ‘ஹீ வாஸ் ஆல்வேஸ் லேட்’. ‘வாஸ்’ பழைய வழியில் முன்னால் போகிறது, ‘கேம்’ போவதில்லை.

எதிர்மறை வாக்கியத்தில் இடம் மாறினால் பொருளும் மாறும். ‘ஹீ டிட் நாட் ரியலி பிலீவ் இன் தி ஸ்கீம்’ என்றால் அந்தத் திட்டத்தில் அவருக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. ‘ஹீ ரியலி டிட் நாட் பிலீவ் இன் தி ஸ்கீம்’ என்றால் அறவே நம்பிக்கை இல்லை. சொற்கள் ஒன்றுகூட மாறவில்லை. ‘ரியலி’ மட்டும் ‘டிட் நாட்’டுக்கு வெளியே வந்துவிட்டது.

‘ஆல்வேஸ்’, ‘நெவர்’ ஆகிய இரண்டும் வினைக்கு முன்னால் உட்காரவே பிறந்தவை. ‘ஹீ ஆல்வேஸ் வெயிட்டட் ஃபார் மீ’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘ஹீ வெயிட்டட் ஆல்வேஸ் ஃபார் மீ’ என்றால் தடுக்கும். பிரிபொசிஷனுக்கு முன்னால் இடம் காலியாக இருந்தாலும் இவை அங்கே போவதில்லை. ‘ஆல்மோஸ்ட்’டும் அப்படித்தான்: ‘ஹீ ஆல்மோஸ்ட் ஃபெல் ஆஃப் தி லேடர்’, ஏணியிலிருந்து விழப் பார்த்தார். நடு இடத்துக்கு ஆசைப்படுபவை பெரும்பாலும் ‘லி’ என்று முடிந்து எப்படி என்பதைச் சொல்பவை.

வினைக்கு முன்னால் வர மறுப்பவையும் உண்டு. தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ‘நான் நேற்று பேங்க்குக்குப் போனேன்’ என்பதை அப்படியே வரிசை மாற்றாமல் ‘ஐ யெஸ்டர்டே வென்ட் டு தி பேங்க்’ என்கிறோம். ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘திஸ் மார்னிங்’ போன்று குறிப்பிட்ட பொழுதைச் சொல்பவை வாக்கியத்தின் தலையிலோ வாலிலோதான் நிற்கும். ‘ஐ வென்ட் டு தி பேங்க் யெஸ்டர்டே’ என்று முடித்துவிட்டால் பிரச்சினை இல்லை. ‘ஹார்ட்’, ‘ஃபாஸ்ட்’, ‘எர்லி’, ‘லேட்’ ஆகியவையும் வினைக்கு முன்னால் வருவதில்லை. ‘ஷீ வொர்க்ட் ஹார்ட் அட் ஹெர் இங்கிலீஷ்’ என்பதில் ‘ஹார்ட்’ வினைக்கும் ‘அட்’டுக்கும் நடுவில் வசதியாக உட்கார்ந்திருக்கிறது.

‘வெல்’ என்ற சொல் தனிப் பிறவி. ‘அவர்கள் அவனை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்’ என்பதை ‘தே லுக்ட் ஆஃப்டர் ஹிம் வெல்’ என்று சொல்ல வேண்டும். ‘தே வெல் லுக்ட் ஆஃப்டர் ஹிம்’ என்றால் தவறு. அதையே செயப்பாட்டுவினையாக மாற்றினால் ‘ஹீ வாஸ் வெல் லுக்ட் ஆஃப்டர்’ என்று முன்னால் வந்து நிற்கிறது, மிக இயல்பாக. ‘தி ஹவுஸ் வாஸ் வெல் பில்ட்’, ‘ஷீ வாஸ் வெல் பெய்ட்’ என்பவை எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். செய்வினையில் முன்னால் வர மறுக்கும் ஒரு சொல் செயப்பாட்டுவினையில் முன்னால் வருவது ஆங்கிலத்தின் நுட்பங்களில் ஒன்று. படிக்கும்போது ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு தானாகவே கையில் வரும்.

‘லுக்ட் ஆஃப்டர்’ வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வினையும் பிரிபொசிஷனும் சேர்ந்து ஒரே பொருளாக இறுகிப்போன சில ஜோடிகள் உண்டு. ‘லுக் ஆஃப்டர்’ என்பதில் பார்வையும் இல்லை, பின்னால் என்பதும் இல்லை. இரண்டும் சேர்ந்து பராமரிப்பது என்ற ஒரே பொருள். ‘கம் அக்ராஸ்’ என்றால் எதேச்சையாகக் கண்ணில் படுவது. இவற்றின் நடுவில் அட்வெர்பைச் செருகி ‘லுக்ட் கேர்ஃபுல்லி ஆஃப்டர் தி சைல்ட்’ என்றால் நன்றாக இருக்காது. ‘கேர்ஃபுல்லி லுக்ட் ஆஃப்டர் தி சைல்ட்’ என்பதே நல்லது. பிரித்தாலும் வினையின் பொருள் அப்படியே தெரிகிற ‘லுக் அட்’, ‘ஸ்பீக் டு’, ‘வெயிட் ஃபார்’ போன்றவற்றில் நடு இடம் தாராளம். இறுகியவற்றில் முன் இடமே பத்திரம்.

இதைவிட இறுக்கமான இன்னொரு கூட்டம் இருக்கிறது. ‘ஸ்விட்ச் ஆஃப்’, ‘கிவ் அப்’, ‘த்ரோ அவே’ போன்றவை. 1925-இல் லோகன் பியர்சல் ஸ்மித் தன் புத்தகத்தில் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயரைப் பயன்படுத்திய பிறகு, இந்த வகைச் சேர்க்கைகளுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ‘ஹீ ஸ்விட்ச்ட் ஆஃப் தி மோட்டார்’ என்ற வரியும் ‘ஹீ லுக்ட் அட் தி மோட்டார்’ என்ற வரியும் மேலோட்டமாக ஒரே மாதிரி தெரியும். ஆனால் ‘ஹீ ஸ்விட்ச்ட் குவிக்லி ஆஃப் தி மோட்டார்’ என்பது தவறு. ‘குவிக்லி’ ஒன்று வினைக்கு முன்னால் வர வேண்டும், அல்லது கடைசிக்குப் போக வேண்டும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘ஸ்விட்ச்ட் இட் ஆஃப்’ என்று ‘இட்’ நடுவில் வந்தால் அங்கே அட்வெர்புக்கு இடம் இல்லை. ‘லுக்ட் அட் இட்’ என்று ‘இட்’ கடைசியில்தான் வருமென்றால், அட்வெர்ப் நடுவில் வர வாய்ப்பு உண்டு. வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தாலே போதும். இலக்கணப் புத்தகம் தேட வேண்டாம்.

மூன்று சொல் சேர்ந்தவையும் இதே வழியில்தான் நடக்கின்றன. ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதில் கடைசிப் பிரிபொசிஷனான ‘டு’வுக்கு முன்னால் இடம் உண்டு: ‘ஷீ லுக்ட் ஃபார்வர்ட் ஈகர்லி டு தி ஹாலிடேஸ்.’

இதுவரை சொன்னது எந்த இடம் சரி, எந்த இடம் தவறு என்பது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, இரண்டு இடங்களும் சரியாக இருந்து பொருள் மட்டும் மாறுகிற சமயம். ‘ஹீ ஸ்போக் கிளியர்லி அபௌட் தி ஆக்சிடென்ட்’ என்றால் விபத்தைப் பற்றி அவர் தெளிவாகப் பேசினார். ‘ஹீ கிளியர்லி ஸ்போக் அபௌட் தி ஆக்சிடென்ட்’ என்றால், அவர் விபத்தைப் பற்றிப் பேசினார் என்பது தெளிவு என்றும் பொருள்படும். பேச்சே குழறலாக இருந்திருக்கலாம். ‘ஷீ ஃபூலிஷ்லி ஸ்போக் டு தி ரிப்போர்ட்டர்’ என்றால் நிருபரிடம் பேசியதே முட்டாள்தனம். பேச்சு அறிவார்ந்ததாகவே இருந்திருக்கலாம். ‘ஷீ ஸ்போக் ஃபூலிஷ்லி டு தி ரிப்போர்ட்டர்’ என்றால் பேசிய விதம் முட்டாள்தனம். வினைக்கு முன்னால் நிற்கும் அட்வெர்பில் பல சமயம் எழுதுகிறவரின் தீர்ப்பு ஒளிந்திருக்கும். வினைக்குப் பின்னால் நின்றால் செயலின் விதத்தை மட்டும் சொல்லும். வாக்குமூலமோ விசாரணை அறிக்கையோ எழுதுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஒரு ஆளின் நடத்தையைப் பற்றிய தீர்ப்பு அந்த ஒரு இடமாற்றத்தில் புகுந்துவிடும்.

‘ஒன்லி’யும் இதே ஜாதி. ‘ஹீ ஒன்லி ஸ்போக் டு தி கிளார்க்’ என்றால் கிளார்க்கிடம் மட்டும் பேசினாரா, அல்லது பேசினார், அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லையா? பேச்சில் குரலின் அழுத்தம் காட்டிவிடும். எழுத்தில் குரல் இல்லை. ‘ஹீ ஸ்போக் ஒன்லி டு தி கிளார்க்’ என்று பிரிபொசிஷனுக்கு முன்னால் வைத்துவிட்டால் கிளார்க்கைத் தவிர வேறு யாரிடமும் பேசவில்லை என்பது உறுதி. 1926-இல் வெளிவந்த தன் ஆங்கில வழக்குக் கையேட்டில் ஃபவுலர் இந்தச் சொல்லுக்கே தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார். பொருள் மயக்கம் இல்லாத இடத்தில் பேச்சுவழக்கு வரிசையை விட்டுவிடலாம் என்பது அவர் பக்கம். சாதாரண எழுத்துக்கு நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். சட்டம், மருத்துவம், பணம் சம்பந்தப்பட்ட எழுத்தில் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரண்டு வினைகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும் அட்வெர்பும் தொல்லை தரும். ‘தி மேன் ஹூ ஸ்போக் டு மீ குவைட்லி லெஃப்ட் தி ரூம்.’ மெதுவாகப் பேசினாரா, சத்தமில்லாமல் வெளியேறினாரா? வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும் தெரியாது. மெதுவாகப் பேசினார் என்றால் ‘ஹூ ஸ்போக் குவைட்லி டு மீ’ என்று நடு இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பிரிபொசிஷனுக்கு முன்னால் உள்ள அந்த இடம் இப்படிப்பட்ட சமயங்களில் பெரிய உதவி.

வாக்கியம் நீண்டுபோனாலும் அதே இடம்தான் கைகொடுக்கும். ‘ஷீ லுக்ட் அட் தி லெட்டர் தட் தி பேங்க் ஹேட் சென்ட் டு ஹெர் ஃபாதர் கேர்ஃபுல்லி’ என்று எழுதினால், ‘கேர்ஃபுல்லி’ வந்து சேரும்போது வினை எங்கேயோ போயிருக்கும். கவனமாக அனுப்பியது பேங்க் என்று ஆகிவிடும். ‘லுக்ட் கேர்ஃபுல்லி அட்’ என்று தொடங்கினால் சிக்கலே இல்லை. செயப்படுபொருள் மிக நீளமாக இருந்தால் முதலில் சொன்ன கண்டிப்பான தடையும் சற்றுத் தளரும். ‘ஹீ ரெட் கேர்ஃபுல்லி தி லெட்டர்’ தவறுதான். ஆனால் அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு வரி நீளத்துக்கு அடைமொழி வந்தால் ‘ரெட் கேர்ஃபுல்லி’ என்று தேர்ந்த எழுத்தாளர்களே எழுதுவார்கள். பளுவான பகுதி கடைசிக்குப் போவதை ஆங்கிலம் விரும்புகிறது.

இனி ஒரு விடுப்புக் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். ‘ஐ யெஸ்டர்டே வென்ட் டு தி ஹாஸ்பிட்டல். தி டாக்டர் எக்ஸாமின்ட் கேர்ஃபுல்லி மை மதர். ஐ வெயிட்டட் ஃபார் பேஷன்ட்லி தி ரிப்போர்ட். ஐ ஹார்ட்லி ட்ரைட் டு கால் தி ஆபீஸ்.’

முதல் வரியில் ‘யெஸ்டர்டே’ கடைசிக்குப் போக வேண்டும். இரண்டாவதில் ‘எக்ஸாமின்ட்’ நேரடியாகச் செயப்படுபொருளைப் பிடிக்கும் வினை. ஆகவே ‘கேர்ஃபுல்லி’ முன்னால் வரலாம், கடைசிக்கும் போகலாம்; ‘கேர்ஃபுல்லி எக்ஸாமின்ட் மை மதர்’ என்பது இங்கே கச்சிதம். மூன்றாவதில் ‘பேஷன்ட்லி’ ஒரே ஒரு அடி முன்னால் நகர்ந்து ‘வெயிட்டட் பேஷன்ட்லி ஃபார் தி ரிப்போர்ட்’ ஆக வேண்டும்.

நான்காவது வரியில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது, ஏனென்றால் அது இலக்கணப்படி தவறே இல்லை. எழுதியவர் சொல்ல நினைத்தது, ஆபீசுக்குப் போன் செய்ய எவ்வளவோ முயன்றேன் என்று. ‘ஹார்ட்’ வினைக்கு முன்னால் வராது என்று அரைகுறையாக ஞாபகம் இருந்து, ‘லி’ சேர்த்துவிட்டால் வரும் என்று நினைத்திருக்கிறார். ‘ஹார்ட்லி’ முன்னால் வரும்தான். ஆனால் அதன் பொருள் ‘கொஞ்சம்கூட இல்லை என்கிற அளவுக்கு’. மேலதிகாரி படிக்கும்போது அந்த வரி, போன் செய்ய நான் முயலவே இல்லை என்கிறது. ‘ஐ ட்ரைட் ஹார்ட் டு கால் தி ஆபீஸ்’ என்று எழுதினால், அம்மாவின் கட்டிலுக்கும் வெளிநடைக்குமாக அலைந்து சிக்னல் தேடிய அந்த ஆளின் பாடு உள்ளபடி அவர் மேஜைக்குப் போய்ச்சேரும்.